அது இலியாஸ் எழுதினது

கையில் மைக் இருக்கும்போது மனிதன் சொல்கிற பொய்க்கு யோசனையே தேவையில்லை. தும்மல் மாதிரி தானாக வரும். நான் யோசித்துச் சொன்ன பொய்கள் நிறைய உண்டு (பட்டியல் என் மனைவி உமாவிடம் இருக்கிறது). அவற்றால் யாருக்கும் பெரிய சேதம் இல்லை. யோசிக்காமல் சொன்ன ஒன்றே ஒன்றுதான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

திருத்தணியிலிருந்து தினமும் சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவன் நான். வண்டி இங்கேயே கிளம்புவதால் ஜன்னலோர சீட் நிச்சயம். மற்றவர்கள் தூங்கினார்கள், சீட்டாடினார்கள், பூ கட்டினார்கள். நான் ஒரு கணினி மொழி செய்தேன். கணினிக்கு இடும் கட்டளைகளைத் தமிழிலேயே எழுதலாம். எழுதியதைப் படித்து இயக்குகிற நிரல் என்னுடையது. பெயர் ‘தணிகை’. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தேன். அமெரிக்காவிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று காத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து ஒருவன் வந்தான். அரக்கோணத்திலிருந்து.

இலியாஸ். அப்பாவோடு டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருப்பவன், முப்பது வயசு. கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஆனால் என் நிரலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை வண்டிச் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிற மாதிரி சொல்வான். மூன்று வருடத்தில் பாதி வேலை அவனுடையதாகிவிட்டது. பாதி என்று நான் சொல்கிறேன். உண்மைக் கணக்கு பின்னால் வரும்.

முதல் முழுப் பதிப்பு தயாரானதும் என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, நுழைந்தார். பந்தல்கால் நடாமல் பல்கூடத் தேய்க்க மாட்டார்.

“ரிலீஸுன்ற, விழா வேணாவா?”

“பாவா, அது நெட்ல ஒரு பட்டனை அழுத்தினா ஆச்சு.”

“பட்டனை மேடைல அழுத்து. புஸ்தகம் வெளியிடறாங்கல்ல, அதேதான். தலைமை, முன்னிலை, முதல் பிரதி. ரிட்டையர்டு தாசில்தார் வேங்கடேசலு எனக்கு வேண்டியவர், வாங்கிக்குவார்.”

மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை, பின்னாலேயே சாப்பாடு. வாசலில் ஃப்ளெக்ஸ். அதில் மோவாயில் விரல் வைத்து உலகத்துக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு நான். கீழே பொடி எழுத்தில் மூன்று வரி: ஒலிபெருக்கி இன்னார், தொழில்நுட்ப உதவி அரக்கோணம் இலியாஸ், சமையல் இன்னார். மைக்செட்டுக்கும் சாம்பாருக்கும் நடுவில் அவனை வைத்திருந்தார்கள். முதல்நாளே பார்த்தேன். மாற்றச் சொல்லியிருக்கலாம். (என் போட்டோ நன்றாக வந்திருந்தது.)

அன்றைக்கு அவன் தன் மனைவியையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். அப்பா வெள்ளைச் சட்டை, நகக்கண்ணில் மட்டும் கிரீஸ். என்னைத் தனியாக இழுத்துச் சொன்னான்:

“ணா, ஞாயித்துக்கிழமை அவர் கடையை மூடி நான் பாத்ததே இல்ல. ‘மூணு வருசமா பொட்டியத் தட்டிகினு கீறியே, அது இன்னான்னு ஒருதபா பாத்துடறேன். உருப்படியா இருந்தா அப்புறம் உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்’னாரு.”

“பாத்துக்கறேன் இலியாஸ்” என்றேன். பார்த்துக்கொண்டேன்.

முதல் பிரதியிலேயே சிக்கல். ஜிகினாத் தாளில் சுற்றிய பென்டிரைவை வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்து நீட்டினோம். தாசில்தார் எடுத்து உயர்த்திக் காட்டினார். போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, “சார், கையில ஒண்ணுமே தெரியலையே” என்றார். பாவா ஓடிப்போய் ஒரு கிலோ ஸ்வீட் டப்பாவைக் காலி செய்து அதற்குள் பென்டிரைவைப் போட்டுக் கொண்டுவந்தார். என் மொழியின் முதல் பிரதி மைசூர்பா வாசனையோடு வெளியானது.

பிறகு நான் பேசினேன். திறந்த மென்பொருள் என்றால் ஒளிவுமறைவு இல்லாதது, கண்ணாடி மாதிரி, உள்ளே எவர் என்ன செய்தார் என்பது உலகத்துக்கே தெரியும் என்று பத்து நிமிடம் முழங்கினேன். கைதட்டினார்கள். அந்த மிதப்பிலேயே செய்முறை விளக்கத்துக்கு இறங்கினேன். வந்தவர் பெயரைத் தட்டினால் அவருக்கு வரவேற்பு மடல் தயாராகும். மூன்றே வரி நிரல். முதலில் தாசில்தார் பெயரைத் தட்டினேன். சுவரை அடைத்த திரையில் பெரிய எழுத்தில் வந்தது:

பிழை, வரி 3: வேங்கடேசலு செல்லாது. நீக்கிவிட்டு மீண்டும் முயல்க.

மீண்டும் முயன்றேன். மீண்டும் செல்லவில்லை. என் விரல்கள் என் பேச்சைக் கேட்காமல் அதே பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தன. வேங்கடேசலு செல்லாது, வேங்கடேசலு செல்லாது என்று திரை நிரம்பி மேலே உருண்டது. அரசாங்கத்தில் முப்பது வருடம் கையெழுத்துப் போட்ட மனிதர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“இன்னாப்பா, நான் செல்லாதுன்னுது?”

கூட்டம் சிரித்தது. அப்போதுதான் அந்தத் தும்மல் வந்தது.

“சார், அந்தப் பகுதி நான் எழுதலை சார். அது இலியாஸ் எழுதினது.”

மைக் வேலை செய்துகொண்டிருந்தது. (மற்ற எதுவும் செய்யாத அன்று அது மட்டும் நன்றாகச் செய்தது.) மண்டபமே மூன்றாம் வரிசைப் பக்கம் திரும்பியது. அவன் அப்பா மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் அந்த அமைதியில் கடைசி வரிசை வரை கேட்டது.

“நீ எழுதினதாடா?”

இலியாஸ் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. ஏதோ எழுத்து தெளிவாகத் தெரியாத மாதிரி பார்த்தான். பிறகு, “ஆங், சரி பண்ணிடறேன்” என்றபடி எழுந்து மேடைக்கு வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ தட்டினான். ஐந்து நிமிடத்தில் வேங்கடேசலுவுக்கு மடல் வந்துவிட்டது. தாசில்தார் அவன் முதுகில் தட்டினார்.

“தப்பு பண்ண பையனே சரியும் பண்ட்டான். நல்ல பையன்.”

அந்த நேரத்தில் மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். வாயைத் திறந்தேன். “எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போகணும்” என்று வந்தது.

அவன் அப்பா சாப்பிடவில்லை. “கடைல வண்டி நிக்குதுங்க” என்று பாவாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பின்னால் இலியாஸும் மருமகளும் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உமா என் பொன்னாடையை மடித்துக்கொண்டே கேட்டாள், “நெசமா அந்தப் பையன் எழுதினதா?”

“ஒருவகையில பாத்தா...” என்று தொடங்கினேன். அதற்குள் இன்ஜினியரிங் படிக்கிற என் மகள் பவித்ரா லேப்டாப்பைத் திறந்துவிட்டாள்.

“நைனா, இதுல எந்த வரியை யார் எழுதினா, என்னிக்கு எழுதினான்னு எல்லாம் இருக்கு. அந்த வரில உன் பேருதான் இருக்குது.”

பெயருக்கு நான் ஒதுக்கி வைத்திருந்த இடம் சின்னது. நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் உமா, ரவி, முருகா. இவர்கள் தாராளமாக உள்ளே உட்கார்ந்தார்கள். வேங்கடேசலு கொள்ளவில்லை. பவித்ரா இன்னும் கீழே போனாள்.

“இரண்டு மாசம் முன்னாடியே அவர் இதைத் திருத்தி அனுப்பியிருக்காரு. ‘நீளமான பேருக்கு நின்னுடும் ணா’ன்னு எழுதியிருக்காரு. நீ ‘அப்புறம் பாக்கலாம்’னு போட்டிருக்க.” கடைசிவரை உருட்டிப் பார்த்துவிட்டு, “மொத்தத்துல முக்கால்வாசி அவர் எழுதினதுதான்” என்றாள்.

கண்ணாடி மாதிரி என்று நான்தானே மேடையில் சொன்னேன். அன்றைக்கு அந்தக் கண்ணாடியில் தெரிந்த மூஞ்சியை வர்ணிக்க என் மொழியில் கட்டளை இல்லை.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டு அரக்கோணம் போனேன். பதினைந்து நிமிடப் பயணத்தில் மன்னிப்பை ஏழெட்டு விதமாக ஒத்திகை பார்த்தேன். கடையில் அவன் அப்பா ஒரு ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் போனை நீட்டி, அந்த வரியைக் காட்டி, “இது என் பேருங்க. தப்பு என்னுது, இலியாஸுது இல்ல. அவன்தான் சரி பண்ணவன்” என்றேன்.

அவர் போனைப் பார்க்கவில்லை. கையைத் துணியில் துடைத்தார்.

“மேடைல சொல்லவேண்டியதுங்க அது. இங்க ஆரு கீறா கேக்க?”

சுற்றிப் பார்த்தேன். இரண்டு ஸ்கூட்டர், சுவரில் தொங்கும் டியூப்கள். இலியாஸ் எனக்கு டீ வாங்கி வந்தான். சர்க்கரை அளவாக இருந்தது.

அதன்பின் மூன்று மாதம் அவனிடமிருந்து ஒரு வரி வரவில்லை. பிறகு அவன் தணிகையை அப்படியே பிரதி எடுத்து, வேறு பெயர் வைத்து, தனியாக நடத்தத் தொடங்கினான். திறந்த மென்பொருளில் அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். இன்று பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பயன்படுத்துவது அவனுடையதைத்தான். என் லேப்டாப்பிலும் அதுதான் இருக்கிறது. பங்களித்தவர்கள் பட்டியலில் அவன் முதலில் போட்டிருப்பது என் பெயரை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் என்னைத் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

வீட்டில் இதெல்லாம் சுருங்கி ஜோக்காகிவிட்டது. சாம்பாரில் உப்பு கூடினால் உமா, “அது இலியாஸ் எழுதினது.” பரீட்சையில் மார்க் குறைந்தால் பவித்ரா, “அது இலியாஸ் எழுதினது, நைனா.” கரண்ட் போனாலும் அவன்தான்.

பவித்ராவின் நிச்சயதார்த்தத்துக்குப் பத்திரிகையோடு நேரில் போய் அழைத்தேன். இலியாஸ் வந்தான். நான் எதிர்பார்க்காதது, அவன் அப்பாவும் வந்தார். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். பாயசத்துக்கு இலையை நகர்த்தும்போது அவர் கை பட்டு டம்ளர் சாய்ந்து, தண்ணீர் பாவாவின் வேட்டியெல்லாம் ஓடியது. பாவாவுக்கு வாய் நிற்குமா?

“பரவால்ல, அது இலியாஸ் எழுதினது.”

எங்கள் ஆட்கள் எல்லாரும் சிரித்தோம். எல்லாருக்கும் முன்னால் சிரித்தவன் இலியாஸ். அவன் அப்பா டம்ளரை நிமிர்த்தி வைத்தார்.

“இல்லீங்க. கை என்னுது.”

அதன்பின் பாயசம் வந்தது. குடித்தோம்.

இப்போது எங்கள் வீட்டில் அந்த ஜோக்குக்கு இரண்டு பாதி. ஏதாவது உடைந்தால் ஒருவர், “அது இலியாஸ் எழுதினது” என்பார். உடைத்தவர், “இல்லீங்க, கை என்னுது” என்று சொல்லியாக வேண்டும். உமா சொன்னால் சிரிக்கிறார்கள். பாவா சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

நான் சொன்னால் மட்டும் யாரும் சிரிப்பதில்லை.