சம்பந்தியின் கார்டும் என் மகளின் ரத்தமும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நான், என் மனைவி, உங்கள் மருமகள், ஒரு மாதமாக எங்களோடு தங்கியிருக்கும் உங்கள் மகன் ஆகிய நால்வரும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் உங்கள் மருந்துக் கடையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மேலே நால்வர் என்று எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஐவர் என்று திருத்திப் படிக்கவும்.

ஆம், சம்பந்தி. நீங்கள் தாத்தா ஆகிறீர்கள். நானும் ஆகிறேன், ஆனால் நான் ஆய்வின் மூலம் ஆகிறேன். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் நீங்கள் கடையிலிருந்து கர்ப்பம் பார்க்கும் ஒரு கார்டைக் கூரியரில் அனுப்பி, "காலையில முதல் சிறுநீர், மூணு சொட்டு, அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான் விஷயம்" என்று போனில் சொன்னீர்கள். நான் ரத்தப் பரிசோதனைதான் வேண்டும் என்றேன். கார்டு உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும். ரத்தம் எவ்வளவு என்று அளவு சொல்லும். குடிநீர் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் ஊர்த் தண்ணீரையெல்லாம் சோதித்தவன் அளவு இல்லாத முடிவை எப்படி நம்புவான்? நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இருந்தாலும் உங்கள் மரியாதைக்காகக் கார்டையே முதலில் போட்டோம். என் மகள் எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவள் என்பது உங்களுக்குத் தெரியும். வயிற்றில் உண்டா இல்லையா என்று சீக்கிரம் தெரிந்தாக வேண்டும். நான்கு வருடக் காத்திருப்பு வேறு. போன வருடம் ஒருமுறை நம்பி ஏமாந்து, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த பெண். "குடும்மா, படிக்கிறது என் தொழில்" என்று கார்டை வாங்கி ஜன்னலோரம் வைத்து, ஒரு நிமிடத்தில் படித்துவிட்டேன். அனுபவப்பட்ட கண்ணுக்கு ஐந்து நிமிடம் எதற்கு? ஒரே கோடு. "நெகட்டிவ், சுத்தமா நெகட்டிவ்" என்று சந்தோஷமாக அறிவித்துவிட்டு, எதிர்வீட்டுத் தையல்காரரிடம் சொல்லச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாசிட்டிவ் என்றால் தண்ணீரில் கிருமி, குழாயை மூடு என்று அர்த்தம். நெகட்டிவ் வந்தால்தான் நாங்கள் டீயே குடிப்போம். அவரிடம் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தையல்காரர் என் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார், நான் அழுதுகொண்டிருந்தேன்.

வீடு திரும்பி, "இந்தக் கார்டை நம்பாதேம்மா, ரத்தம் பார்க்கலாம். அதுவரைக்கும் எக்ஸ்ரே அறைக்குள்ள கால் வைக்காதே" என்றேன். மறு பேச்சில்லை. மறுநாளே வரவேற்பு மேசைக்கு மாறிக்கொண்டாள். அப்பா சொல்லுக்கு என் வீட்டில் அப்படியொரு மதிப்பு, சம்பந்தி. பிறகு நானே அவளைப் பரிசோதனை நிலையத்துக்கு அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்த பெண்ணிடம் குப்பியில் பெயர், தேதி, நேரம் எல்லாம் ஒட்டச் சொல்லி, ஒட்டியது கோணலாக இருந்ததால் மறுபடி ஒட்டச் சொன்னேன். ஊசி இறங்கியபோது எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது, அது வெயில். சாயங்காலம் அந்தப் பெண்ணே போன் செய்தாள்.

"பாசிட்டிவ் சார்."

"பதறாதீங்க, குளோரின் போட்டுட்டு மறுபடி எடுத்துப் பாருங்க" என்றேன்.

என் மனைவி போனைப் பிடுங்கிப் பேசினாள். ஆக, உங்கள் கார்டு இல்லை என்றதை என் ரத்தப் பரிசோதனை உண்டு என்று, அதுவும் அளவோடு, நிரூபித்துவிட்டது. இதை நீங்கள் கடையில் நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும் என்பதில்லை. மூன்று பேர் போதும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். வரப்போகும் சின்ன ஆளுக்கு நம் நால்வரின் ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி,
ஓய்வுபெற்ற முதுநிலை நீர் ஆய்வாளர்

பி.கு.: உறையில் போடும் முன் உங்கள் மருமகள் இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாள்.

"அப்பா, ரெண்டாவது கோடு நாலாவது நிமிஷமே வந்துடுச்சு. நீங்க அப்ப தையல்காரர் வீட்டுல இருந்தீங்க. நீங்க திரும்பி வர்றதுக்குள்ளயே மேனேஜருக்கு போன் பண்ணி, மறுநாள்லேருந்து எக்ஸ்ரே அறை வேண்டாம்னு சொல்லிட்டேன். அம்மாவுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்."

"அப்புறம் ஏம்மா ஊசி குத்திக்கிட்டே?"

"டாக்டர் எப்படியும் வேற டெஸ்ட்டுக்கு ரத்தம் கேட்டிருந்தாங்க. அதோட, ரிட்டயர் ஆனதுக்கப்புறம் நீங்க காலையிலயே ஷேவ் பண்ணி, சட்டைப்பையில பேனா சொருகிக் கிளம்பினதை அன்னிக்குத்தான் பார்த்தேன். வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

ஆகவே சம்பந்தி, உங்கள் கார்டுதான் ஜெயித்தது. கடையில் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். இப்படி ஒரு மகளைப் பெற்றவன் நான் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.