கட்டைவிரலும் கடைசி எபிசோடும்

கொசுவில் இத்தனை வகை, வண்ணத்துப்பூச்சியில் இத்தனை வகை என்று பொறுமையாக எண்ணி எழுதிவைத்த அறிஞர்கள், இணையத்தில் மாலை ஏழு மணிக்கு நடமாடத் தொடங்கும் ஓர் உயிரினத்தை மட்டும் எப்படியோ கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். ‘பழைய டிவி காட்டுகிறவர்’ என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

அடையாளம் காண்பது சுலபம். சனிக்கிழமை ஆறே முக்காலுக்கு உங்கள் கைப்பேசி ஒருமுறை உதறும். ‘இன்னும் பதினைந்தே நிமிடம்!’ ஐந்து நிமிடம் கழித்து மறுபடி உதறும். ‘இன்னும் பத்தே நிமிடம்!’ கழித்தல் கணக்கு நமக்குத் தெரியாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ? பழைய தொடரைப் பார்க்க அவருடைய வீடியோ கூட்டத்துக்குள் சரியாக ஏழுக்குப் போனால் திரையில் ஒரு காது தெரியும். அவருடையதுதான். கேமராவைச் சரி செய்துகொண்டிருப்பார். “கேக்குதா? நான் பேசறது கேக்குதா?” என்பார். கேட்கிறது என்று நாற்பது பேர் எழுதுவார்கள். அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி எங்கே?

“தலையில இருக்கு” என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வரும். அது அவர் மனைவி. குரலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அறிந்த மாதிரியை நாங்கள் ‘ரீவைண்ட் சார்’ என்போம். காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஓர் அலமாரி நிறைய வீடியோ கேசட். ஒவ்வொன்றும் தலையணை உறைத் துணியில் சுற்றப்பட்டு, சிவப்பு மையில் எண் போடப்பட்டு, பிறந்த குழந்தைக்குக்கூடக் கிடைக்காத கதகதப்பில் உறங்கும். எங்களுக்குக் காட்டும்வரை எதையும் அவர் ஓட்டிப் பார்த்ததில்லை. “ஓட்டினா தேஞ்சிடும் சார்!” பார்ப்பதற்காகப் பதிவு செய்தார், பாதுகாப்பதற்காகப் பார்க்காமல் இருந்தார். இதில் முரண்பாடு இருப்பதாக அவரிடம் சொன்னால் உங்களைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்.

சரி, காட்டும்போதாவது பார்க்க விடுவாரா? ‘ஈரக் குடை’ என்ற துப்பறியும் தொடரைத்தான் இந்த முறை எடுத்துக்கொண்டார். மொத்தம் பதின்மூன்று எபிசோட், ஒவ்வொன்றும் இருபத்திரண்டு நிமிடம், வாரத்துக்கு ஒன்று. இருபத்திரண்டு நிமிடத்தைக் குறைந்தது இரண்டு மணி நேரமாக வளர்க்கும் வித்தை அவர் கையில் இருந்தது. “இங்க நிறுத்தறேன். பின்னாடி அந்தப் பூஜாடியைப் பார்த்தீங்களா? போன வாரம் ஆஸ்பத்திரி சீன்ல வந்த அதே பூஜாடி!” முதல் எபிசோடில் வீட்டு முதலாளி குத்துப்பட்டு விழ வேண்டும், நடுவில் மூன்று முறை நிறுத்தப்பட்டு, அந்த மனிதர் சாகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நாற்பது நிமிடம் காற்றிலேயே சாய்ந்துகொண்டிருந்தார். மழையே பெய்யாத நாள், கூடத்து மூலையில் ஒரு குடை, அது நனைந்திருக்கிறது. கொன்றது யார்?

நாங்களும் தவித்தோம். பூஜாடி, வில்லனின் ஒட்டுமீசை, கதவைத் தட்டுமுன்பே எழுந்து நிற்கும் வேலைக்காரி, எபிசோடுக்கு ஒருமுறை பாடியே தீரும் பாட்டு வாத்தியார் எல்லாவற்றையும் தாண்டிக் கதை எங்களைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

இந்த இனத்துக்கு ஓர் இயற்கை எதிரியும் உண்டு. எங்கள் கூட்டத்தில் அவர் மருந்துக்கடைக்காரர். கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டே பார்ப்பார். “அது ஏழாவது எபிசோட் இல்ல சார், ஆறாவது” என்று எழுதுவார். பன்னிரண்டு வாரமும் திருத்திக்கொண்டே வந்தவர், பன்னிரண்டாவது வாரம் வெடியைப் போட்டார்.

“கடைசி எபிசோட் யார்கிட்டயுமே இல்லன்னு கேள்வி. உங்ககிட்ட நெஜமாவே இருக்கா சார்?”

ரீவைண்ட் சாரின் மூக்கு திரை முழுக்க வந்தது. “இருக்காவா? நானே என் கையால பதிவு பண்ணினது சார்! அடுத்த வாரம் கொலைகாரனை நான் காட்டலைன்னா, இந்தக் கடையையே மூடிடறேன். இனிமே சனிக்கிழமை கிடையாது!”

“அப்ப முடிவு உங்களுக்குத் தெரியுமில்ல?” என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் கேட்டார்.

“தெரியாமலா டீச்சர்? சொன்னா ருசி போயிடும்.”

பதின்மூன்றாம் வாரம் வந்தது. வழக்கமாக நாற்பத்து மூன்று பேர் வரும் இடத்தில் நூற்றுப்பன்னிரண்டு பேர். ரீவைண்ட் சார் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். துணியைப் பிரித்துக் கேசட்டை எடுத்து, அதன் கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் விளம்பரம் என்றால் அவருக்கு ஆகாது. கேசட்டில் ஒரு சோப்பு, ஒரு பல்பொடி நுழையக் கூடாது. அதற்காக ரிமோட்டின் பாஸ் பட்டன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். ஒருமுறை அமுக்கினால் பதிவு நிற்கும், மறுமுறை அமுக்கினால் தொடரும். “விளம்பரம் வந்தா டக்! கதை வந்தா டக்! இந்த விரல் ஒரு தடவைகூடத் தப்பினதில்ல” என்று விரலைக் கேமராவுக்குக் காட்டினார். நூற்றுப்பன்னிரண்டு பேர் அந்த விரலைத் தரிசித்தோம்.

படம் ஓடியது. அன்று அவர் நிறுத்தவே இல்லை, நம்புங்கள். துப்பறிபவர் எல்லோரையும் கூடத்தில் வரிசையாக நிற்க வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். “கொன்னவர் இங்கேதான் இருக்கார். அவர் பேரு...”

ஒரு பெண் தலைமுடியை விசிறிப்போட்டு ஷாம்பூ பாட்டுப் பாடினாள்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, விரல் கொஞ்சம் லேட்டாயிடுச்சு” என்றார் சார். ஷாம்பூவுக்குப் பின் குக்கர் வந்தது. குக்கருக்குப் பின் ஃபேன், கொசுவத்தி. பிறகு துப்பறிபவர் அரை நொடி தோன்றி வாயைத் திறந்தார். அவ்வளவுதான், பற்பசையோடு ஒரு குடும்பமே பல்லைக் காட்டியது. எங்களுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குப் பரபரப்பில் விரல் டக்கென்று ஒருமுறை அமுக்குவதற்குப் பதில் டக்டக்கென்று இரண்டு முறை அமுக்கியிருக்கிறது. அதிலிருந்து எல்லாம் தலைகீழ். கதை வரும்போது நிறுத்தி, விளம்பரம் வரும்போது தொடர்ந்து, ஒரு சொட்டு சிந்தாமல் மொத்த விளம்பரத்தையும் பிடித்து, முப்பது வருஷம் தலையணை உறையில் சுற்றி வைத்திருக்கிறார் மனிதர்.

ரீவைண்ட் சார் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! “ஐயோ அந்தக் குக்கர் பாட்டு!” “எங்க வீட்ல இதே ஃபேன்தான்!” “சார், ஷாம்பூவைத் திரும்பப் போடுங்க!” நல்லெண்ணத்தில் சொன்ன ஒவ்வொரு பாராட்டும் அவருக்கு ஊசியாக இறங்கியது. ஷாம்பூவை நான்கு முறை போட்டார். நான்காவது முறை எல்லோரும் மைக்கைத் திறந்து கூடவே பாடினோம். மருந்துக்கடையில் வரிசையில் நின்றவர்கள்கூடப் பாடினார்கள்.

பாட்டு ஓய்ந்ததும் தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார்.

“அதெல்லாம் சரி. கொன்னது யாரு?”

ரீவைண்ட் சார் கண்ணாடியைத் துடைத்தார்.

“சார்தான் முடிவு தெரியும்னாரே” என்றார் மருந்துக்கடைக்காரர், மாத்திரையைக் கீழே வைத்துவிட்டு. “சொல்லுங்க சார்.”

சார் கட்டைவிரலைப் பார்த்தார். அன்றைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கேசட்டில்தான் விழுகிறதே, பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று, ஓடுவது விளம்பரமா கதையா என்பதைத் தவிர வேறெதையும் கவனிக்கவே இல்லை. “அது வந்து... முடிவுங்கறது அவரவர் மனசைப் பொறுத்தது...” என்று ஆரம்பித்தார். காப்பீட்டு அலுவலகத்தில் பணம் கேட்டு வந்தவர்களுக்கு முப்பது வருஷம் சொன்ன அதே குரல்.

“பாட்டு வாத்தியார்தான்.”

அந்தப் பெண்குரல். பதின்மூன்று வாரமும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கேசட் மெஷினைத் துடைத்து, படம் ஆடும்போதெல்லாம் அதன் முதுகில் தட்டிக்கொடுத்த கை ஒன்றை ஓரத்தில் பார்த்திருந்தோம். இப்போது முகம் வந்தது.

“குடைக்கம்பியால குத்திட்டு, குழாயடியில கழுவிட்டான். அதான் மழையே இல்லாம குடை நனைஞ்சிருந்தது. கடைசியில பாடச் சொல்வாங்க, தொண்டை அடைச்சுக்கும். பிரமாதமா இருக்கும்.”

“உனக்கெப்படித் தெரியும்?” என்றார் சார்.

“கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்ல டிவி கிடையாது. எதிர்வீட்டு ஜன்னல்ல தொங்கிக்கிட்டுப் பார்த்தேன். கல்யாணமான வாரமே சொல்ல வந்தேனே? ‘ருசி போயிடும், சொல்லாதே’ன்னீங்க.”

கேசட்டோ டிவியோ இல்லாதவர் முழுக் கதையும் பார்த்திருக்கிறார். எல்லாம் வைத்திருந்தவர் ஷாம்பூவைப் பிடித்திருக்கிறார். தொண்டை எப்படி அடைத்தது என்று அம்மாள் நடித்துக்காட்டத் தொடங்கினார். கைதட்டல் பொம்மைகள் திரையை மூடின. அப்போதும் நம் ஆசாமி விட்டாரா? “இந்தாம்மா, இங்க ஒரு நிமிஷம் நிறுத்து, பின்னாடி அந்தப் பூஜாடி...” என்று கையைத் தூக்கினார்.

“அண்ணியைப் பேசவிடுங்க சார்!” என்று நூற்றுப்பன்னிரண்டு பேரும் கத்தினோம்.

“கடையை மூடறதா சொன்னீங்களே?” என்று மருந்துக்கடைக்காரர் நினைவூட்டினார்.

“அவர் மூடட்டும். சாவி என்கிட்ட இருக்கு. ஏழு மணிக்கு வந்துடுங்க” என்றார் அண்ணி. சார் இப்போது சனிக்கிழமைகளில் மெஷின் முதுகில் தட்டுகிறார். மருந்துக்கடைக்காரர் அதையும் திருத்துகிறார்: “இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் சார்.”

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இனி உங்கள் கைப்பேசியை எடுங்கள். உங்கள் மகள் பரிசு வாங்க மேடை ஏறியபோது, முன்வரிசையில் எழுந்து நின்று, பின்னால் இருந்தவர்களின் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் திரையில் சிவப்புப் புள்ளியைப் பார்த்தபடி எடுத்தீர்களே, அந்த வீடியோ. திறந்து பாருங்கள். மகள் தெரிந்தால் சரி. உங்கள் செருப்பும், தரையும், “எடுத்தாச்சு, எடுத்தாச்சு” என்று உங்கள் குரலும் மட்டும் இருந்தால் கவலைப்பட வேண்டாம். பக்கத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தவரைக் கேளுங்கள், சொல்வார்.

திறந்தே பார்க்க வேண்டாம், நிச்சயம் சரியாகத்தான் இருக்கும் என்கிறீர்களா? அப்படியானால் வரும் சனிக்கிழமை ஆறே முக்காலுக்கு நீங்கள் யாருக்கோ செய்தி அனுப்பப்போகிறீர்கள்.