சுவருக்கேற்ற நாடு

ரயிலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி இந்த உலகத்தில் யாருக்காவது உண்டென்றால், அது ரயிலில் ஏறாதவர்களுக்குத்தான். ஏறுகிறவருக்கு ஜன்னலோர ஆசை இருக்கும். கால்கடுக்க நின்று போன கோபம் இருக்கும். எங்களுக்கு இரண்டும் கிடையாது. தராசு முள் மாதிரி நடுவில் நிற்கிறோம்.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அலுவலகக் கார் மேம்பாலத்தின் மேல் வெகுநேரமாக அசையாமல் நிற்க, கீழே ஒரு ரயில் எங்களைக் கடந்து போவதைப் பார்த்தபடி மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதன் வாசலில் தொங்கிக்கொண்டு போனவர்கள்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. பாவம், அவர்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நடுநிலை எங்கிருந்து வரும்?

எங்கள் அலுவலகம், நாட்டின் அளவுக்கும் ரயிலின் சாத்தியத்துக்கும் உள்ள உறவை ஆராயும் ‘உயர்நிலை’ அமைப்பு. இயக்குநர் ஒருவர், புள்ளியியல் நிபுணர் ஒருவர், அவர்கள் கண்டுபிடிப்பதை யாருக்கும் வலிக்காத நடையில் எழுதித் தர நான். போன வருடம் நாங்கள் கண்டுபிடித்தது, நம் நாடு ரயிலுக்கு மிகப் பெரியது என்பது. இந்த முனையில் ஏறுகிறவர் அந்த முனையில் இறங்கும்போது எதற்குக் கிளம்பினோம் என்பதையே மறந்திருப்பார் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை இயக்குநர் போன இடமெல்லாம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அலுவலகம் இடம் மாறியது. பழைய கட்டடத்தில் கூட்ட அறைச் சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு தேசப்படம் தொங்கியது. புதிய அறையில் ஏசிக்கும் கதவுக்கும் நடுவே ஒரு துண்டுச் சுவர்தான் மிச்சம். அதற்கேற்ற படம் ஒன்று வாங்கி மாட்டினார்கள். நிபுணர் வழக்கம்போல ஸ்கேலை எடுத்துப்போய் அளந்தார். முகம் வெளிறிப்போனது.

“சார், சுருங்கிடுச்சு சார்.”

“எது?”

“நாடு.”

இயக்குநர் எழுந்து வந்து தானும் சாண் வைத்துப் பார்த்தார். “ஆமாய்யா! ஒரு கையாலயே மூடிடலாம் போல இருக்கே. இத்தனை நாள் எப்படிக் கவனிக்காம விட்டோம்?”

“இவ்வளவு சின்ன நாட்டுல ரயில் வேகம் எடுக்கறதுக்குள்ள எல்லை வந்துடும் சார். பிரேக் போட நேரம் இருக்காது.”

“ஐயையோ, பெரிய ஆபத்தாச்சே!”

“அதான் சார். கார் போதும்.”

படத்தின் கீழ் மூலையில், ஓர் அங்குலம் என்பது எத்தனை மைல் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. என் கண்ணில் பட்டது. நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் இயக்குநர் திரும்பி, “அம்மா, உங்க நடையில ரெண்டு பக்கம்” என்றார். ‘உங்க நடையில’ என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குள் ஏதோ ஒன்று வாலாட்ட ஆரம்பித்துவிடும். உட்கார்ந்து எழுதினேன். பெரியது என்று எழுதியதைவிடச் சின்னது என்று எழுதியது இன்னும் நன்றாக வந்தது. உண்மையின் தொல்லை இல்லாதபோது வாக்கியங்கள்தான் எவ்வளவு சரளமாக ஓடுகின்றன!

அறிக்கையின் ‘முதற்பயனாக’ ஒரு கிளைப்பாதையை மூடுவதென்று முடிவாயிற்று. என் அக்கா வேலைக்குப் போகிற பாதை.

அக்கா ஒரு தொழிற்சாலையில் சட்டை தைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது, துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஏண்டி, எங்க ரயிலை நிறுத்தப் போறாங்களாமே. உங்க ஆபீஸ் வேலையா?”

“ஆய்வு நடக்குதுக்கா. நாடு ரொம்பச் சின்னதுன்னு தெரிய வந்திருக்கு.”

“நான் என்ன நாடு பூராவுமா போறேன்? வேலைக்குப் போறேன்டி. நாலாவது ஸ்டேஷன்.”

“அது தனிப்பட்ட பார்வை. நாங்க மொத்தமா பாக்கறோம்.”

“மொத்தமா யாருடி போறா? அப்படிப் போற ஆளை நீ பாத்திருக்கியா?”

பார்த்ததில்லை. “பஸ் இருக்கேக்கா” என்றேன்.

“ரெண்டு பஸ் மாறணும். மணி அடிச்சதும் கேட்டைச் சாத்திடுவான். சாமியே வந்தாலும் தொறக்க மாட்டான். நாலு நாள் லேட்டாப் போனா என் மெஷின்ல வேற ஒருத்தி உக்காந்திருப்பா.” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “வேலை போச்சுன்னா எனக்குப் போக்கிடம் ஏது? உன் வீட்டுக்குத்தான் வரணும்.”

என் நெஞ்சில் அப்போதுதான் பொதுநலம் விழித்துக்கொண்டது. போன தடவை வந்து தங்கியபோது அக்கா என் சமையலறை டப்பாக்கள் அத்தனையையும் உயரவாரியாக அடுக்கிவிட்டாள். அவள் ஊருக்குப் போன பிறகும் வெகுநாள் நான் உப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு கிளைப்பாதைக்காக என் மனசாட்சி துடித்தது என்று எழுத ஆசைதான். துடித்ததில் பாதி டப்பாக்களுக்காக. மீதிப் பாதியைப் பற்றி யோசிக்காமல், அவள் மடித்துப் போட்ட துணிகளை அடுக்கிக் கொடுத்தேன்.

மக்கள் சம்மதம் இல்லாமல் பாதையை மூடக்கூடாது என்று ஒரு பழைய விதி இருந்தது. ஆகவே அந்தப் பாதையின் ஸ்டேஷன் ஒன்றிலேயே, காத்திருப்புக் கூடத்தில், ஒரு சாயங்காலம் ‘மக்கள் கலந்தாய்வு’ ஏற்பாடாயிற்று. வேலைவிட்டு வந்த மக்கள் ரயிலில் இறங்கி நேரத்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் காரில் வந்ததால் தாமதம். “சின்ன நாடு பாருங்க, எல்லாரும் ஒரே ரோட்டுக்கு வந்துடறாங்க” என்று இயக்குநர் அதையும் ஆதாரமாக்கினார்.

முன்வரிசையில் பழக்கடைக்காரர் ஒருவர் எழுந்தார். “சார், போன வருஷம் நாடு பெருசுன்னீங்களே?”

“அது பழைய அளவீடு. இப்ப மேம்பட்டிருக்கு” என்றார் இயக்குநர்.

“சரி, பெருசா இருந்தா?”

“ரயில் சரிப்படாது. விமானம்தான்.”

“சின்னதா இருந்தா?”

“ரயில் சரிப்படாது. கார்தான்.”

“நடுத்தரமா இருந்தா?”

இயக்குநர் நிபுணரைப் பார்த்தார். நிபுணர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நடுத்தரம்னா, பெருசா சின்னதான்னு முடிவாகற வரைக்கும் நிறுத்தி வெக்கறதுதான் பாதுகாப்பு.”

“அப்ப ரயில் ஓடணும்னா நாடே இருக்கக் கூடாது போல!” என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். கூடம் சிரித்தது. சிரிப்பு அப்படியே இரைச்சலானது. நாற்காலிகள் நகர்ந்தன.

இயக்குநர் என் பக்கம் குனிந்தார். “நீங்க படிங்கம்மா. உங்க குரலைக் கேட்டா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. கடைசிப் பக்கம் போதும். ‘பயணிகள் மனமுவந்து சம்மதித்தனர்’னு வருதே, அந்த இடம். அதைப் படிச்சுட்டா விதிப்படி வேலை முடிஞ்சுது.”

உண்மைதான். இழவுச் செய்தியை நான் சொன்னால்கூட, கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுத்தான் அழுவார். மைக் கைக்கு வந்தது. காகிதமும் வந்தது. யாரிடமும் இன்னும் கேட்காத சம்மதத்தை நான் முந்தின வாரமே அழகாக எழுதி வைத்திருந்தேன்.

அக்கா தூணோரமாக நின்றிருந்தாள். பக்கத்தில் நின்றவளிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். ‘என் தங்கச்சி’ என்றுதான் இருக்கும். அந்த முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பெருமைதான் இருந்தது. நான் வாயைத் திறந்தால் ரயில் தப்பிவிடும் என்று நம்புகிற பெருமை.

மைக்கைப் பார்த்ததும் கூடம் அடங்கியது. படித்து முடித்தால் இவர்கள் கைகூடத் தட்டிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

காகிதத்தை மடித்து, மைக்கோடு சேர்த்து இயக்குநர் முன்னால் வைத்தேன்.

“என்னம்மா?”

“நான் படிக்கலை சார்.”

“ஏன், தொண்டை சரியில்லையா? வெந்நீர் கொண்டுவரச் சொல்லட்டுமா?”

“தொண்டை நல்லாத்தான் இருக்கு சார்” என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி. “இந்த அறிக்கையில நல்லா இருக்கறது அது ஒண்ணுதான். அதை நான் தர மாட்டேன்.”