ஹாப் போனால் ஏமஸ் இருப்பான்

ஏமஸ் வெரில், வயது இருபத்து மூன்று, இருப்பிடம் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் டௌசன் பண்ணைக் குதிரை லாயத்தின் மேல்பரண். விடிந்தும் விடியாததுமாகச் சாணிக் கூடையும் மண்வெட்டியுமாகக் கீழே இறங்கி வந்தவன், மாட்டுத் தொழுவத்து வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

தொழுவம் சுத்தமாக இருந்தது. சாணி அள்ளி, புது வைக்கோல் பரப்பி, டர்னிப் கிழங்கை வெட்டித் தொட்டியில் போட்டு, எல்லாம் முடிந்திருந்தது. இந்த வாரத்தில் இது நான்காவது தடவை.

"நம்ம ஹாப் வந்துட்டுப் போயிருக்கு!" என்று முதலாளியம்மா கையைத் தட்டினாள். "வேலைன்னா இதுல்ல வேலை!"

ஹாப் என்றால் பண்ணைகளில் வேலை செய்யும் குட்டிப்பூதம். கண்ணில் படாது. கூலி கேட்காது. ஒரு கிண்ணம் பாலேடு வைத்தால் போதும். ஏமஸ் அப்படி இல்லை. கண்ணில் பட்டான், மூன்று வேளையும் சாப்பிட்டான். அதுதான் அவன் கவலை.

மார்ட்டின் திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம். அன்றோடு பண்ணையாட்களின் வருஷம் முடிகிறது. அதற்குள் முதலாளி வந்து, "இன்னொரு வருஷம் இருக்கியா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் இருக்கலாம். கேட்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

எங்கே கிளம்புவது? கடற்கரையில் அவன் வீட்டில் ஒரே படகு, அதில் நான்கு அண்ணன்கள். ஏமஸ் ஏறினால் படகு துறையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். மீன்காரன் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரே விழுந்து விழுந்து சிரித்துத்தான் அவனை மேட்டுக்கு அனுப்பியது. ஆனால் அலைச் சத்தம் இல்லாமல் அவனுக்குச் சரியாகத் தூக்கம் பிடிப்பதில்லை. காற்று ஓங்கி அடிக்கும்போது அதையே அலை என்று வைத்துக்கொண்டு கண்ணை மூடுவான்.

"வேலையெல்லாம் ஹாப் செய்யுது. உனக்கு என்னடா கொட்டாவி?" என்றார் முதலாளி மேத்யூ டௌசன்.

"தெரியல முதலாளி."

"தெரியாதவனுக்கு எதுக்குடா மூணு வேளை கஞ்சி?"

இருக்கச் சொல்லிக் கேட்கும் ஆளின் பேச்சாக அது தெரியவில்லை. ஹாப் போனால்தான் தனக்கு வேலை, வேலை இருந்தால்தான் தனக்கு இடம் என்று ஏமஸ் முடிவு கட்டினான். மத்தியானமே பாதிரியார் பென்னக் வீட்டுக் கதவைத் தட்டினான். பழைய சொற்களையெல்லாம் எழுதி வைப்பவர் அவர்.

"ஹாப்பா? உட்காரு, உட்காரு! அந்த ஒரு வார்த்தைக்கே ஏழு பக்கம் வச்சிருக்கேன்."

"ஐயா, அதை எப்படி..."

"ராபர்ட்! அங்கேர்ந்துதான் வருது. ராபர்ட்டைச் செல்லமா ராப்னு கூப்பிட்டாங்க, ராப் ஹாப் ஆச்சு. அந்தக் காலத்துல ஏர் ஓட்டுறவன், சாணி அள்ளுறவன் எல்லாருமே ஹாப்தான். பட்டிக்காட்டான்னு அர்த்தம். அப்புறம் போகப் போக பூதத்துக்குப் பேராயிடுச்சு. நம்ம தச்சன் என்ன சொல்றான் தெரியுமா? அடுப்போரத் திட்டுக்கும் ஹாப்னு பேராம், பூதம் அங்க படுத்துக்குறதால வந்த பேராம். மடையன்!"

"பேரு எப்படி வேணா வந்திருக்கட்டும் ஐயா. ஆளை எப்படிப் போக வைக்கிறது?"

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு சொல் எங்கே பிறந்தது என்று கேட்க யாராவது வரமாட்டார்களா என்று பதினோரு வருஷமாக ஏங்கிக்கொண்டிருப்பவர் அவர்.

"துணி குடு" என்றார் சலிப்பாக. "உடுப்பு குடுத்தா ஹாபுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வரும். கூலிக்காரன்னு நினைச்சிட்டாங்களேன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிடும், திரும்ப வராது. இதுகூடத் தெரியாதா? நீ எந்த ஊரு?"

"கடற்கரை ஐயா."

"அதான்."

அன்று படுக்கப் போகும் முன் ஏமஸ் தன் கழுத்துத்துணியைப் பாலேட்டுக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தான். காலையில் துணியைக் காணோம். கிண்ணம் காலி. தொழுவத்தோடு குதிரை லாயமும் சுத்தமாகியிருந்தது.

கழுத்துத்துணிக்கெல்லாம் ரோஷம் வருமா? சட்டையை வைத்தான். சட்டை போயிற்று. கடிவாளமெல்லாம் எண்ணெய் போட்டுப் பளபளத்தது. முதலாளியம்மா பெரிய கிண்ணமாக மாற்றினாள்.

சட்டையில் கிழிசல் இருந்தது, அதனால்தான் என்று ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையை வைத்தான். அதுவும் போயிற்று. முற்றத்துக் கல்லெல்லாம் கழுவிவிட்டிருந்தது. பால் அறையில் வெண்ணெய் கடையும் டைனா மட்டும் அவனைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன மீன்காரா, துணி கொறைஞ்சுக்கிட்டே வருது? அடுத்து தோலா?"

"நீ வேற ஏன் அக்கா!"

மிச்சம் இருந்தது கம்பளி ஸ்வெட்டர் ஒன்றுதான். அம்மா பின்னியது. அந்தப் பின்னலைப் பார்த்தே எந்தத் துறைப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். ஏமஸ் அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தான். தாரும் மீனும் கொஞ்சம் உப்பும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"இதை எடுத்துக்கிட்டாவது போயிடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கிண்ணத்திடம் சொல்லிவிட்டுப் பரண் ஏறினான்.

ஸ்வெட்டரும் போயிற்று. தோட்டத்துச் சுவரில் சரிந்து கிடந்த கற்களை ஹாப் எடுத்து அடுக்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தானியச் சாக்கில் மூன்று ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு வந்தான். ஊரே திரும்பிப் பார்த்தது.

"உடுப்பு எங்கடா?" என்றாள் முதலாளியம்மா.

ஏமஸ் பதில் தேடுவதற்குள் வாசலில் நின்ற பாதிரியார் ஆவலாகக் கேட்டார். "குடுத்தியா? போயிடுச்சா?"

முதலாளியம்மாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "அடப்பாவி! நம்ம ஹாபையா விரட்டப் பாத்தே? கஞ்சி ஊத்துன வீட்டுக்கா இந்தத் துரோகம்?"

டௌசன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவனையே பார்த்தார். "இன்னிக்கு உன்னை இருக்கச் சொல்லிக் கேக்கணும்னுதான் வந்தேன்" என்றார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் கேட்கவில்லை. பக்கத்துப் பண்ணை முதலாளிகள் தங்கள் ஆட்களிடம் எல்லாம் கேட்டாயிற்று. ஏமஸ் தினமும் அவர் கண்ணில் படுகிற மாதிரி நின்று பார்த்தான். அவர் மாட்டோடு மட்டும் பேசினார்.

மார்ட்டின் திருநாள் காலையில் சாக்கை இழுத்து விட்டுக்கொண்டு, காலிப் பெட்டியோடு பால் அறைக்கு வந்தான்.

"வர்றேன் அக்கா."

டைனா கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். கழுத்துத்துணி, சட்டை, கால்சட்டை, மேலே ஸ்வெட்டர். எல்லாம் துவைத்து மடித்திருந்தது.

ஏமஸ் ஸ்வெட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "இதெல்லாம் எப்படி உன்கிட்ட?"

"கிழக்குக் கேட்டுல தொங்கும், தினம் ஒண்ணா. அதான், கடல் கோடாத் தெரியுமே, அந்தக் கேட்டு. பால் கறக்கப் போறப்போ எடுத்துட்டு வந்தேன்."

"அப்போ நீ ஹாபைப் பாத்திருக்கியா?"

"பாக்காம? வேலையெல்லாம் முடிச்சு, எனக்கும் ரெண்டு வாளி தண்ணி மொண்டு வச்சுட்டு, அந்தக் கேட்டுல சாஞ்சு, தூக்கம் கலையாமலே கிழக்கால பாத்துக்கிட்டு நிக்கும். பாவமா இருக்கும்."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா அப்புறம் என் தண்ணியை யாரு மொள்ளுறது?"

ஏமஸ் பெட்டியில் துணிகளை வைத்து மூடினான். எத்தனை செய்தும் கோபித்துக்கொண்டு போகாத அந்தப் பூதத்தின் மேல் அவனுக்கே இப்போது ஒரு பிரியம் வந்துவிட்டது.

"அதுக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு அக்கா. நான் போனா போறேன், அதுவாவது இங்க இருக்கட்டும். பாலேடு வைக்க மறந்துடாதீங்க."

டைனா அவன் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"நீ வர்றதுக்கு முந்தி இந்தப் பண்ணையில ஹாபே கிடையாதுடா, முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ இரு."