அண்ணாச்சியின் நெஞ்சில் இருந்த சர்க்கார் சாமான்

வாசகப் பெருமக்களே, உங்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றித் தொடங்குகிறேன். அரசாங்கப் பேனாவை வீட்டுக்குக் கொண்டுபோனவர்களை நீங்கள் அறிவீர்கள். நாற்காலியையே கொண்டுபோனவர்களும் உங்கள் நினைவுக்கு வரலாம். ஆனால், தம் நெஞ்சுக்குள் இருந்த கருவியைச் சர்க்காரிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டுமே என்று தவித்த மனிதர் இந்தப் பாரத தேசத்திலேயே ஒருவர்தான். அவர் தலைநகரத்து ஆர்.கே.புரம் பேட்டரி அண்ணாச்சி.

திருநெல்வேலிக்காரர். ஓர் அமைச்சகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவர். மேசை விசிறியோ, குண்டூசி டப்பாவோ, வழங்கிய பொருள் திரும்பி வந்தே தீர வேண்டும் என்பதே அவருடைய மதம். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் இதயம் தாளம் தப்பியது. சர்க்கார் செலவில், தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில், இதயத்துக்குத் தாளம் போடும் பேட்டரிக் கருவியான பேஸ்மேக்கர் ஒன்றைப் பொருத்தினார்கள். வேறொருவராக இருந்தால் மறுபிறவி என்றிருப்பார். அண்ணாச்சி சொன்னது: "இஷ்யூ பண்ணியிருக்காவ."

அன்று முதல் பஸ்ஸில் எவர் இடித்தாலும், "அரே பையா, சர்க்காரி மால் ஹை!" என்று இந்தியில் அலறுவார், சர்க்கார் சாமானாம். சட்டைக்குள் எதையோ கடத்துகிறார் என்றெண்ணிய கண்டக்டர் ஒருவர் சோதனையே போட்டுவிட்டார். எங்கள் மலை மந்திர் கோயில் முருகனிடமும் அவர் ஆயுளைக் கேட்டதில்லை. மிஷின் பழுதாகக் கூடாது என்றே வேண்டிக்கொண்டார்.

ஒருநாள் பரிசோதனைக்குப் போன இடத்தில், தமிழரான இளம் டாக்டரிடம் கேட்டார்: "நான் போனபெறகு இதை எந்தக் கவுண்டர்ல ஒப்படைக்கணும்?"

டாக்டர் சிரித்தார். "யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க சார். ஆனா எரிக்கறதுக்கு முன்னாடி எடுத்துடணும், இல்லேன்னா நெருப்புல வெடிக்கும். நல்லா ஓடுற நிலையில கிடைச்சா, சுத்தம் பண்ணி, வாங்க வழியில்லாத யாருக்காவது வைக்கப் பார்ப்போம்."

அண்ணாச்சிக்குப் பேரானந்தம், கூடவே பெருங்கவலை. எங்கள் காலனியில் ஒருவர் கண்மூடினால் பொழுது சாய்வதற்குள் யமுனைக் கரையில் சேர்த்துவிடுவார்கள். அந்த அவசரத்தை நிறுத்துவது யார்? அடுத்த வீட்டுப் பிள்ளையான நான் கல்லூரிப் பேச்சுப் போட்டிக் கோப்பைகளைக் குவித்துக்கொண்டிருந்த காலம் அது; அண்ணாச்சி என்னைப் பூங்காவுக்கு அழைத்தார்.

"எலே, உனக்குத்தாம்ல தொண்டை இருக்கு. தூக்கிட்டு ஓடுவானுவ, நீ முன்னால நின்னு மறிக்கணும்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க அண்ணாச்சி."

"பேசத்தாம்ல உன்னைக் கூப்பிட்டேன். எங்க, ஒரு ஒத்திகை பாப்போம்."

பூங்கா பெஞ்சில் பிணமாகப் படுத்துக்கொண்டார். "நிறுத்துங்கள்!" என்று நான் முழங்கினேன். சாலையில் ஒரு ஸ்கூட்டர் நின்றே விட்டது. பிறகு தமிழ்த்தாய் வணக்கத்தில் தொடங்கி, விஞ்ஞானத்தின் மேன்மைக்குள் நான் நுழையும்போது, பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"முன்னுரை நீளம்டே. அதுக்குள்ள எரிச்சிருவானுவ."

மாடியிலிருந்து அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, குரல் கொடுத்தார்: "சாவுக்கு ஒத்திகை பாக்குத ஆம்பளைய இங்கதான் பாக்கேன். சோறு ஆறுது, பொணத்தை எந்திரிக்கச் சொல்லு!"

அண்ணாச்சி கைகழுவப் போன இடைவெளியில், அதே மதினி என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "அறுக்காம விட்டா அவருக்குப் பொறுக்காது. அறுத்தா எனக்குப் பொறுக்காதே தம்பி, நான் என்ன செய்ய?"

அதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார்; மதினி இலையைப் போட்டார்.

ஒரு ஜனவரிக் காலையில், பனிமூட்டம் விலகுமுன், உறக்கத்திலேயே போய்விட்டார் அண்ணாச்சி. லோதி ரோட்டிலிருந்து வந்த மதினியின் தம்பி வண்டியோடு நின்றார். நான் முன்னே வந்தேன். "பெரியோர்களே…"

"இங்க வந்து மீட்டிங் போடாதல. ஜல்தி, தூக்குங்க!" என்றார் அவர். "உடம்புல கத்தி படப்படாது, ஆமா."

அடுக்கி வைத்திருந்த வாதங்கள் அத்தனையும் என்னைக் கைவிட்டன. மதினியைப் பார்த்து இவ்வளவுதான் சொன்னேன்: "சர்க்கார் சாமான் உள்ளே இருக்கு மதினி."

மதினி எழுந்தார். "வண்டி நிக்கட்டும். டாக்டரக் கூப்பிடு."

"அக்கா, அறுக்கணும்க்கா!"

"அறுக்கட்டும். ஆபீஸ் பென்சிலக்கூட வீட்டுல வச்சுக்கிடாத மனுசன். இதைக் கொண்டுபோனா வழிநெடுக அழுவாரு."

அந்த டாக்டரே வந்தார். சாத்திய கதவுக்குப் பின்னால் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. சிறிய கட்டின்மேல் மதினி தம் கையாலேயே சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். யமுனைக் கரையில் சிதை எந்தச் சத்தமும் இல்லாமல் எரிந்தது.

வீடு திரும்பியதும், கருவி நன்றாகவே ஓடுவதாக டாக்டர் சொன்னதை மதினியிடம் தெரிவித்தேன்.

"யாருக்குடே வைப்பாவ?"

"தெரியாது மதினி."

"அந்த ஆளை ஒருக்கா பாக்கணும். ஒண்ணும் கேக்க மாட்டேன். மூச்சுவிடுததைப் பாத்தாப் போதும்."

எந்த மேடையிலும் எனக்கு வாய்த்திராத நிதானத்தோடு, கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன்: "கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வாறேன் மதினி. உங்க கையால அவருக்கு ஒரு வேளை சோறு போடுங்க."