சித்தி அகலமாகிப்போன படம் தொடர்பாக

மணலி புதுநகரில் புதுவீட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருக்கும் சித்தப்பா திருமலை அவர்களுக்கு, திருவொற்றியூரிலிருந்து மகன் எழிலன் பணிவோடு எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். நான் சுகமில்லை. காரணம் ஜேக்கப்.

தங்கை கீர்த்தியின் நிச்சயதார்த்தத்துக்குப் படமெடுக்க, அண்ணன் நான் கேமராவும் கையுமாக இருக்கும்போது, ராயபுரத்து ஜேக்கப்பை அழைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்தியின் கோபம் நியாயம்தான். ஆனால் நடந்ததை நீங்கள் கேட்க வேண்டும்.

கொருக்குப்பேட்டையில் ஒரு காதுகுத்து. தண்டவாளத்தை ஒட்டிய சின்ன வீடு. தாய்மாமன் தரப்புக்கு நான், தகப்பன் தரப்புக்கு ஜேக்கப். கூட்டத்தை ஒரே படத்தில் அடக்கப் பின்னால் பின்னால் போன நான், தண்ணீர் டிரம்முக்குள் உட்கார்ந்துவிட்டேன். ஜேக்கப் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பையிலிருந்து, கிட்ட நின்றே அகலமாகப் பிடிக்கும் பதினாறு–முப்பத்தைந்து மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் ஒன்றை எடுத்து மாட்டினான். கூடம், கூட்டம், குழந்தை, டிரம்மில் நான், எல்லாம் ஒரே படத்தில்! "இன்னா மாமு, குளிச்சிகினு கீறியா?" என்றும் கேட்டான். குழந்தை உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள்.

என் கேமராவும் அவனுடையதைப் போலப் பெரிய சென்சார் வைத்த ஃபுல் ஃபிரேம்தானே, அவனுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று நேரே லென்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மொஹ்சின் பாய் அதே பதினாறு–முப்பத்தைந்தைத்தான் காட்டினார். "கல்யாண வேலைக்கு இது போதும்பா. வெயிட்டு இல்ல. முன்னால ஃபில்டர் மாட்டிக்கலாம், எண்ணூர் உப்புக்காத்துல கண்ணாடி தப்பிக்கும்" என்றார். நான் கேட்டது ஒன்றுதான்: "ஜேக்கப்புது இதான பாய்? இத்தவிட அகலமா இன்னா கீது?"

லென்ஸில் எண் குறையக் குறைய அகலம் கூடும்; பாய் பெருமூச்சு விட்டபடி, பன்னிரண்டில் தொடங்கும் ஒன்றை எடுத்து வைத்தார். முன்கண்ணாடி தவளைக் கண் மாதிரி பிதுங்கிக்கொண்டிருந்தது. ஃபில்டர் மாட்ட வழியில்லை. கனமோ செங்கல். "ஓரத்துல நிக்கிற ஆளு இழுத்துக்கும் தம்பி" என்று எச்சரித்தார். ஜேக்கப்புடையதைவிட அகலம் என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

அதை வைத்து எடுத்த முதல் வேலை உங்கள் கிரகப்பிரவேசம். நடுவில் நின்ற நீங்கள் சுண்டுவிரல் அளவுக்கு ஆனீர்கள். ஓரத்தில் நின்ற சித்தியின் கன்னம் சுவர் வரைக்கும் போயிற்று. "நான் இன்னா பரோட்டா மாவாடா, இந்த இழுப்பு இழுத்து வெச்சிகீற? எம்பொண்ணு நிச்சயத்துக்கு ஜேக்கப்பே வரட்டும்!" என்றார் சித்தி. வேறு யார் பெயரையாவது சொல்லியிருக்கக் கூடாதா, சித்தப்பா?

ஆகவே அவனை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவன் சிரிப்பே சரியில்லை. சித்தியை நடுவில்தான் நிறுத்துவேன், இது சத்தியம். கீர்த்தி தீர்க்காயுளோடு நிறைவாக வாழ அண்ணனின் வாழ்த்துகள். கெங்கம்மா சித்தியின் பாதங்களுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
எழிலன்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். உறையை ஒட்டுவதற்குள் ஜேக்கப்பே வந்துவிட்டான். "நீ எட்த்தா மூஞ்சி உசுரோட கீது மாமு. அத்தப் பாத்துப் பாத்து எனக்கு வயிறு எரியுது. பொண்ணு மாப்ள மூஞ்சிய நீ எடு, கூட்டத்த நான் பாத்துக்கறேன்" என்றான். அவனுக்கும் எரிகிறதாம்! பல நாளைக்குப் பிறகு இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். இருவரும் சேர்ந்தே வருகிறோம். ஆல்பத்தில் மட்டும் என் பெயர் மேலே வர வேண்டும், கொஞ்சம் பெரிய எழுத்தில்.