ரெண்டு பக்கமும் பார்க்கிறவர்

உங்களை ஒரு நாய் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நாய், நல்ல கடி. ரத்தம் ஒழுகுகிற காலைப் பிடித்துக்கொண்டு டோல்கேட் நடுரோட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓடி வருகிறவர்களில் ஒருவர் நாயைக் கல்லால் அடிப்பார். ஒருவர் ரிக்‌ஷாவுக்குக் குரல் கொடுப்பார். மூன்றாவதாக ஒருவர் வருவார் பாருங்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உங்கள் காலை ஒரு பார்வை, நாயின் வாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாய் பக்கத்தையும் கேக்கணும்லா?" என்பார். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

இந்த இனத்துக்கு நடுநிலையாளர் என்று பெயர். ராயபுரத்தில் உண்டு, காலடிப்பேட்டையில் உண்டு, எண்ணூர் உப்பங்கழி ஓரத்தில்கூட ஒன்றிரண்டைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நன்றாகக் கனிந்தவர் யாரென்று கேட்டால், டோல்கேட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிற மாசானம் அண்ணாச்சியைத்தான் கைகாட்டுவேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பட்டணத்தில் வேர் பிடித்து, துறைமுகத் தொழிலாளிக்குப் புளியும் மிளகாயும், பக்கத்து டீக்கடைக்குச் சர்க்கரையும் தேயிலையும் கொடுத்துப் பெரிய மனிதராகிவிட்டவர். தலைக்கு நடுவகிடு. பெஞ்சில் உட்கார்ந்தால் நட்ட நடுவில்தான் உட்காருவார். தேர்தல் வந்தபோது கடைக் கதவின் இடப்பக்கம் ஒரு கட்சியின் நோட்டீஸையும் வலப்பக்கம் எதிர்க்கட்சியின் நோட்டீஸையும் ஒட்டவிட்டு, ஒட்டினவர்கள் இருவருக்கும் பானகம் கொடுத்து, "ஜெயிச்சு வாங்க" என்று இருவரையும் வாழ்த்தி, ஓட்டுப் போட்டுவிட்டு வந்து மை வைத்த விரலை வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டவர் அவர். தலையை ஆட்டினால் அது ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், கழுத்து வலி என்றும் வைத்துக்கொள்ளலாம். வாயைத் திறந்தால் வருவது ஒரே மந்திரம்: "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குல்லா!"

சும்மா சொல்லக்கூடாது, அந்த மந்திரத்துக்கும் ஒரு மகிமை உண்டு. குழாயடியில் குடம் பறக்கும்போது, புருஷன் பெண்டாட்டி ஒருவர் முடியை ஒருவர் பிடிக்கும்போது, பங்காளிகள் இருவர் ஒரு சுவருக்காக அரிவாளைத் தேடும்போது அண்ணாச்சி போய் நடுவில் நின்றால் காரியம் ஆகிவிடும். யார் சொல்வது உண்மை என்று தெரியாத இடத்தில் அவசரப்பட்டுக் கத்துகிறவனைவிட, வாயை மூடிக்கொண்டு நிற்கிறவன் மேல் அல்லவா? ஊருக்கு நியாயம் கேட்கிறேன் என்று கிளம்பி, அப்பாவியைப் பிடித்து உதைத்துவிட்டு வந்த சூரர்களையும் நான் அறிவேன். அதெல்லாம் சரிதான். ஆனால் தெரியாதபோது நடுவில் நிற்பது ஒன்று, தெரிந்த பிறகும் அங்கேயே நிற்பது வேறொன்று. இந்த வித்தியாசத்தைக் கேட்டால் அண்ணாச்சிக்குக் கழுத்து வலி வந்துவிடும்.

குதிரை ஜட்கா ஓட்டுகிற தாவூது ஒருநாள் கேட்டே விட்டான்.

"அண்ணாத்தே, வண்டி ஒரு பக்கமா சாஞ்சிகினு கீதுன்னு வை. நடுவுல குந்திகினு கீறவன் எந்தப் பக்கம் வுழுவான்?"

அண்ணாச்சி சிரித்தார். "நான் வண்டியிலேயே ஏறலியே வே!"

பதில் எப்படி? தாவூதுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார் பாவம்.

பக்கத்து டீக்கடை ராமதாஸ் கடை. அங்கே இரண்டு வகைப் பாத்திரம். பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். வியாசர்பாடி, புளியந்தோப்புக் குடியிருப்புகளிலிருந்து துறைமுக வேலைக்குப் போகிற சிலருக்கு மட்டும் நசுங்கின அலுமினிய டம்ளர்; வெளியே நின்றபடி குடித்து, குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். தீண்டாமையை ஒழித்தாயிற்று என்று டெல்லியில் சட்டப் புத்தகத்தில் எழுதிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. புத்தகம் இன்னும் டோல்கேட் வந்து சேரவில்லை. இதைப் பற்றி அண்ணாச்சியின் கருத்து என்ன? "அவனுக்கு டீ வேணும், டீ கிடைக்குது. எந்தப் பாத்திரத்துல இருக்கோம்னு டீக்குத் தெரியுமா?"

போன ஐப்பசியில் ஒரு காலை, விடாத மழை. மூட்டை தூக்குகிற ஜெயவேல் வெளியே நின்று நனைந்துகொண்டிருந்தான். உள்ளே இருந்த தாவூது, "இன்னாத்துக்குடா நனையறே, உள்ள வா" என்று கையைப் பிடித்து இழுத்து, பெஞ்சு ஓரத்தில் உட்காரவைத்து, தன் கிளாஸையே அவன் கையில் கொடுத்தான். ஜெயவேல் இரண்டு வாய்தான் குடித்திருப்பான். ராமதாஸ் பாய்ந்து வந்து கிளாஸைப் பிடுங்கி வாசற்படியில் அடித்தான். கிளாஸ் சுக்குநூறு. தெறித்த டீயில் பாதி, பெஞ்சின் நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தவரின் வெள்ளை வேட்டி மேல். அவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

அந்த நேரத்துக்குத் தினமும் ஓசி டீ குடிக்க வருகிற ஏட்டையா சரியாக வந்து சேர்ந்தார். உடனே ராமதாஸ் கையைத் தலையில் வைத்துக்கொண்டு, "இவன் கிளாஸ ஒடச்சிட்டு என்னை அடிக்க வரான் ஏட்டையா" என்று ஆரம்பித்தான். நான் போய்ச் சேர்ந்தது அந்தக் கட்டத்தில்தான். தாவூது நடந்ததை நடந்தபடி சொன்னான். "நீ இவனோட தோஸ்து. ஒன் சாட்சி செல்லாது" என்றார் ஏட்டையா. பெஞ்சில் மற்றவர்கள் பத்திரிகைக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். மிஞ்சியது அண்ணாச்சி.

ஜெயவேல் அவர் முன்னால் வந்து நின்றான். குரல் நடுங்கியது. "அண்ணாச்சி, நீ பாத்துகினுதானே இருந்தே? ஒரே ஒரு வார்த்த சொல்லு. டேசனுக்குப் போனா மேஸ்திரி என்னை கேங்குலேருந்து தூக்கிடுவான். நாலு வர்சமா நாயா ஒழைச்சி வாங்கின எடம்."

ஒரு வார்த்தை. "ராமதாஸ்" என்று பெயரைச் சொன்னால் போதும், வாக்கியம்கூட வேண்டாம்.

அண்ணாச்சி வேட்டியில் டீக் கறை பட்ட இடத்தை மடித்து உள்ளே விட்டுக்கொண்டார்.

"ஏட்டையா, கிளாஸ் உடைஞ்சது வாஸ்தவம். அதை யாரும் மறுக்க முடியாது."

"யாரு ஒடச்சது?"

"இந்தப் பக்கம் பாத்தா, ஜெயவேல் கையில இருந்த கிளாஸ். அந்தப் பக்கம் பாத்தா, ராமதாஸ் வாங்கிப் போட்ட கிளாஸ். ரெண்டு பேருக்கும் கோவம். கண்ணாடின்னா உடையத்தான செய்யும்?"

ஆகக் குற்றவாளி கண்ணாடி! ஆனால் கண்ணாடியை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாதே? ஏட்டையா ஜெயவேலைக் கூட்டிக்கொண்டு போனார். "என்னை இழுக்காத தம்பி, நான் நடுவுல இருக்கேன்" என்று அண்ணாச்சி பின்னாலிருந்து சமாதானம் சொன்னார். சாயங்காலம் எச்சரித்து விட்டுவிட்டார்கள். அதற்குள் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிட்டான். மறுநாளிலிருந்து ஜெயவேல் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் அன்றாடக் கூலிக்கு வாசலில் நிற்கிறான். மூட்டை இருக்கிற நாளில் அடுப்பு எரிகிறது.

இதற்குப் பிறகு ஒரு விசேஷம் நடந்தது. துறைமுக ஆட்கள் ஒருவர்கூட ராமதாஸ் கடைக்கு வரவில்லை. பாய்லர் சும்மா கொதித்தது. தேயிலை வாங்குவதும் குறைந்தது. பதறிப்போன ராமதாஸ் யாரிடம் போவான்? நடுநிலையாளரிடம்தான்.

அண்ணாச்சி கண்ணை மூடி யோசித்தார். தீர்ப்பு பிறந்தது. "கண்ணாடியும் வேண்டாம், அலுமினியமும் வேண்டாம். நடுவுல எனாமல் குவளை ஒண்ணு வாங்கிப் போடு. அவங்க பெஞ்சிலயும் உக்கார வேண்டாம், வெளியிலயும் நிக்க வேண்டாம். நடுவுல, படியில உக்காரட்டும்." சொல்லிவிட்டு அவருக்கே மெய் சிலிர்த்தது. ராமதாஸ் மூர் மார்க்கெட்டுக்கு ஓடி, பட்டாளத்தார் கழித்துப் போட்ட சாமான்களில் பச்சை விளிம்பு வைத்த எனாமல் குவளை ஒன்று வாங்கிவந்து ஆணியில் மாட்டினான்.

நல்ல செய்தியைச் சொல்ல அண்ணாச்சியே வியாசர்பாடிக்கு நடந்தார். ஜெயவேல் வீட்டில் இல்லை. அவன் மனைவி மலர்க்கொடி இருந்தாள். வெயிலில் வந்தவருக்கு, தேய்த்துத் தங்கமாக மின்னுகிற சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"எங்க வூட்ல ஒரே சொம்புதான் அண்ணாச்சி. யாரு வந்தாலும் இதுதான். குடி."

குடித்தார். எனாமல் குவளையின் பெருமைகளை விளக்கினார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"எல்லாம் சரி. கிளாஸ ஒடச்சது யாரு?"

"அதை இப்பப் பேசி என்னம்மா ஆகப்போகுது? மறந்திருவோம்."

"மறக்கறதுக்கு நீ யாரு? வேல போனது ஒனக்கா? எங்களுக்குக் கொவளையும் வாணாம், படியும் வாணாம். கேக்கறவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வா. அப்பால பேசலாம்."

அண்ணாச்சி வழக்கம்போல் தலையை ஆட்டினார். எழுந்து வந்துவிட்டார். ஆனால் அவர் அந்த வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த செய்தி அவருக்கு முன்னாலேயே டோல்கேட் வந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள். சட்டப் புத்தகத்துக்குத்தான் வழி தெரியாது, வம்புக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை. அண்ணாச்சி வழக்கம்போல் பெஞ்சின் நடுவில் உட்காரப் போனார். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் நகர்ந்து வந்து நடுவை அடைத்துக்கொண்டார்கள். சரி, நின்றே குடிப்போம் என்று கையை நீட்டினார். கைக்கு வந்தது பச்சை விளிம்பு.

"இது என்ன ராமதாஸு?"

ராமதாஸ் தலையைச் சொறிந்தான். "தப்பா நென்ச்சிக்காத அண்ணாச்சி. நீ அங்க போயி தண்ணி குட்ச்சிட்டு வந்தியாமே. பெஞ்சில கீறவங்கோ ஒரே பேஜாரு பண்றாங்கோ. அப்பிடி குந்து, படியில. நான் ரெண்டு பக்கமும் பாக்கணும்ல?"

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. பெஞ்சைப் பார்த்தார். அவரிடம் பல வருஷமாக உப்பும் பருப்பும் வாங்கித் தின்ற பெஞ்சு. "என்ன வே, பாத்துக்கிட்டே இருக்கீக? ஒரு வார்த்தை கேக்க மாட்டீகளா?" என்றார். குரல் நடுங்கியது, எங்கேயோ கேட்ட நடுக்கம். பெஞ்சில் பத்திரிகைகள் உயர்ந்தன. ஒரு பத்திரிகைக்குப் பின்னாலிருந்து மட்டும் பதில் வந்தது: "ரெண்டு பக்கமும் நாயம் கீது அண்ணாச்சி."

தெருவில் ஜட்காவை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தாவூது கூப்பிட்டான். "அண்ணாத்தே! இப்பவாவது சொல்லு. அன்னிக்கு கிளாஸ ஒடச்சது யாரு? சொல்றேன்னா ஏறு, இப்பவே டேசனுக்கு ஓட்றேன். அந்த மேஸ்திரியாண்டயும் போலாம்."

அண்ணாச்சியின் வாய் திறந்தது. சத்தியமாகத் திறந்தது; நான் பார்த்தேன். வண்டியைப் பார்த்தார். ராமதாஸைப் பார்த்தார். ராமதாஸுக்கு அன்று சர்க்கரை மூட்டை போக வேண்டும். மறுபடி வண்டியைப் பார்த்தார். பிறகு மெல்லப் படியில் உட்கார்ந்து, குவளையை உதட்டில் வைத்து, உதடு பொரிய ஒரு வாய் குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"எனாமல்ல சூடு நல்லா நிக்குதுல்லா!"

தாவூது காறித் துப்பிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். ஜெயவேல் இன்னும் கூட்ஸ் யார்டு வாசலில்தான் நிற்கிறான்.

இவ்வளவும் படித்த நீங்கள், இப்போது மனசுக்குள் என்ன சொல்லிக்கொண்டீர்கள்? 'ஜெயவேல் பாவம்தான், ஆனாலும் கடைக்காரனுக்கும் அவன் கஷ்டம் இருக்கும், அண்ணாச்சியும் பிழைக்க வேண்டாமா' என்று ஒரு ஓரத்தில் தோன்றியதா? தோன்றவில்லை என்றால் சந்தோஷம். தோன்றியது என்றால், தயங்காமல் டோல்கேட் பக்கம் வாருங்கள். படியில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. ராமதாஸ் நேற்றுத்தான் இரண்டாவது குவளை வாங்கி மாட்டியிருக்கிறான். அதுவும் பச்சை விளிம்புதான்.